மலைநிழலும் எல்லைக்கோடும்: சின்னக்கானல் பகுதியில் அலைவரவின் வரலாறு

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாற்றுக்குச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ள ஊர் சின்னக்கானல். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரும் இதனைச் சூழ்ந்த சூரியநெல்லி, பூப்பாறை, தேவிகுளம் முதலிய ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் ஏலத்தோட்டங்களும் நிறைந்தவை. இத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் மக்களுள் பெரும்பகுதியினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆட்சியெல்லையால் கேரளத்தோடும் மொழியால் தமிழகத்தோடும் இணைந்து நிற்கும் இம்மலைப்பகுதி, தகவல்தொடர்பு வரலாற்றில் தனித்து நோக்கத்தக்க இடத்தைப் பெறுகிறது.

தமிழ் ஊடகங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தையும் மொழிநடையையும் அவை சமுதாயத்தில் விளைவித்த மாற்றங்களையும் பற்றியே அமைகின்றன. அந்நிகழ்ச்சிகளைச் சுமந்துவரும் அலை ஒரு வீட்டை வந்தடைந்ததா, வந்தடையவில்லையெனில் தடுத்தது எது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. சமவெளி நகரங்களில் இவ்வினாவிற்குத் தேவை குறைவு. மலையெல்லைப் பகுதியிலோ மற்றெல்லா வினாக்களுக்கும் முற்பட்ட வினா இதுவேயாகும்.

வானொலி, தொலைக்காட்சி, கைபேசி, இணையம் ஆகியவற்றின் அலைகள் ஒரு வீட்டில் தெளிவுறக் கிடைக்கும் தன்மை இக்கட்டுரையில் 'அலைவரவு' எனப்படுகிறது. சின்னக்கானல் பகுதியின் அலைவரவை முதலில் வரையறுத்தது மலை. அடுத்து வரையறுத்தது ஆட்சியெல்லை. மலை விளைவித்த இடரை மக்கள் தம் கைத்திறனால் ஓரளவு கடந்தனர். ஏனெனில் தொலைக்காட்சிக்கு வாங்குதல் ஒன்றே போதும். இணையத்திற்கோ வாங்குதலோடு திருப்பியனுப்புதலும் வேண்டும். அதனை ஒரு குடும்பத்தின் முயற்சி மட்டும் நிறைவேற்ற இயலாது. இவ்வேறுபாட்டை வரலாற்று முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் எல்லையும்

திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழர் பெரும்பான்மையினராக வாழ்ந்த பகுதிகள். அவற்றைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955இல் அறிக்கையளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் இவ்விரு வட்டங்களையும் புதிய கேரள மாநிலத்திற்கே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972 சனவரி 26இல் இடுக்கி மாவட்டம் தோன்றியபோது இம்மலைப்பகுதி அம்மாவட்டத்தில் அடங்கியது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது.

எல்லைக்கோடும் மக்களின் வாழ்க்கையும் இங்கு ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதற்குக் கொழுக்குமலை நல்ல சான்றாகும். உயரமான தேயிலைத் தோட்டத்திற்குப் பெயர்பெற்ற இம்மலை தமிழகத்தின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குச் செல்லும் ஊர்திப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்தே தொடங்குகிறது. நிலம் ஒரு மாநிலத்திலும் வழி மற்றொரு மாநிலத்திலும் அமைந்துள்ள இந்நிலையே அலைவரவிலும் வேறு வடிவில் காணப்படுகிறது.

வானொலிக் காலம்

தொலைக்காட்சிக்கு முன்னர் மலைத்தோட்டங்களுக்குத் தமிழைக் கொண்டுவந்தது வானொலி. சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் திருநெல்வேலி நிலையம் 1963இலும் தொடங்கப்பெற்றன. இவற்றோடு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் தென்தமிழகத்தில் பேராதரவைப் பெற்றிருந்தது.

இவ்வொலிபரப்புகளுக்கு மலை பெருந்தடையாக அமையவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மத்திய அலையின் நீளம் சில நூறு மீட்டர். அத்தகைய நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் செல்லும். குன்றுகளைச் சுற்றி ஓரளவு வளையும். இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைவிலும் இறங்கும். சிற்றலையோ பெரும்பாலும் அவ்வடுக்கில் பட்டே தொலைநாடுகளை அடைவது. எனவே மலையிடுக்கில் வாழ்ந்தோரும் ஒரு சிறு வானொலிப் பெட்டியைக் கொண்டு கடல்கடந்த தமிழ்க்குரலைக் கேட்க முடிந்தது. பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் தேவிகுளம் பண்பலை நிலையம் மலையாளத்தோடு தமிழிலும் நிகழ்ச்சிகளை வழங்கியமை, இம்மலையின் இருமொழித் தன்மையை அரசு ஊடகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

தொலைக்காட்சியின் வருகை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பெற்றது. அதன் ஒளிபரப்பு சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. தென்மாவட்டங்கள் நெடுங்காலம் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

இவ்விடைவெளியில் நிகழ்ந்த ஒன்று தமிழரின் அலைவரவு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 1982 பிப்ரவரி 15இல் இலங்கையின் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான 2,524 மீட்டர் பீதுருதாலகாலை மலையில் அதன் ஒளிபரப்பி அமைந்தது. தமிழகத்தின் தென்கடலோர மாவட்டங்களில் உயரமான குழாய்களை நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்பி மக்கள் அந்நாட்டு ஒளிபரப்பைக் கண்டனர். அண்டை நாட்டின் அலையை வாங்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. உயரமும் திசையும் அமைந்தால் போதும். எல்லைப்புறத் தமிழர் அலையைத் தேடிப் பிடிக்கும் கலையைப் பயின்றது இவ்வாறேயாகும்.

1984ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி என்னும் வேகத்தில் தூர்தர்ஷன் நாடெங்கும் விரிவடைந்தது. அவ்வாறு அமைந்தவற்றுள் பெரும்பாலானவை 100 வாட் திறனுடைய சிற்றொளிபரப்பிகள். அவை தில்லி நிகழ்ச்சிகளையே மறுஒளிபரப்புச் செய்தன. தமிழகத்தின் தென்மேற்கு மாவட்டங்களுக்குத் தமிழ் ஒளிபரப்பை உறுதிப்படுத்தியது 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானலில் அமைந்த உயர்திறன் ஒளிபரப்பியே. இதன் திறன் 10 கிலோவாட். திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985இல் தொடங்கியது. ஆகவே இடுக்கி மலைகளில் வாழ்ந்தோர்க்கு ஆட்சிமொழியின் தொலைக்காட்சி தெற்கிலிருந்தும் தாய்மொழியின் தொலைக்காட்சி வடகிழக்கிலிருந்தும் வரவேண்டியிருந்தது. வீட்டுக்கூரையில் ஆன்டெனாவை எத்திசைக்குத் திருப்புவது என்பது அவ்வீட்டின் மொழித்தேர்வாகவும் அமைந்தது எனலாம்.

முகடும் நிழலும்

தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. உயரமான இடத்திலுள்ள ஒளிபரப்பி எவ்வளவு தொலைவு 'காணும்' என்பதைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்றுண்டு. மீட்டரில் அமைந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு இது 190 கிலோமீட்டர் ஆகிறது. வைகைச் சமவெளி முழுவதும் இவ்வட்டத்துள் அடங்குவது இதனாலேயே.

சின்னக்கானல் கொடைக்கானலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. எனினும் இரண்டிற்கும் இடையே கொழுக்குமலை முகடு குறுக்கிடுகிறது. அம்முகட்டின் வடக்கே மீசைப்புலிமலை 2,640 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஆகவே தொலைவால் அண்மையிலுள்ள ஊர் மலையின் நிழலில் விழுகிறது. தொலைவிலுள்ள சமவெளி ஊர்களோ தெளிவான ஒளிபரப்பைப் பெறுகின்றன. மலைமேட்டில் உள்ள வீட்டில் படம் தெளிவாகவும் அதே தோட்டத்தின் பள்ளத்திலுள்ள லயத்தில் வெறும் புள்ளிகளாகவும் தெரிவது இத்தகைய நிலத்தின் இயல்பு.

நிழல் என்பது முழுமையான இருளன்று. அலை மலைமுகட்டின் விளிம்பில் சற்றே வளைந்து இறங்கும். அதிர்வெண் குறையக் குறைய இவ்வளைவு மிகும். 60 மெகாஹெர்ட்ஸ் அளவிலான முதற்பட்டை அலை, 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான மூன்றாம்பட்டை அலையினும் மிகுதியாக வளையும். வலுவிழந்து வந்துசேரும் இவ்வலையை வாங்குவதற்கே மக்கள் தம் திறனையெல்லாம் செலுத்தினர்.

அக்காலத்து வீடுகளில் நின்ற ஆன்டெனா, 1926இல் ஜப்பானிய அறிஞர்களான உடா, யாகி ஆகியோர் வெளிப்படுத்திய வடிவம். அலையை வாங்கும் கம்பி ஒன்று, அதன்பின் எதிரொளிக்கும் கம்பி ஒன்று, முன்னே வழிகாட்டும் கம்பிகள் சில என இது அமையும். வாங்கும் கம்பியின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி இருக்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.5 மீட்டர் ஆதலின் கம்பி முக்கால் மீட்டர் இருக்கும். 60 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். கூரைமேல் நின்ற கம்பிகளின் அளவைக் கண்டே அவ்வீட்டார் எவ்வகை ஒளிபரப்பை நாடினர் என அறிய இயலும். வழிகாட்டும் கம்பிகள் பெருகப் பெருக ஆன்டெனா ஒரே திசையை நோக்கிக் கூர்மையடையும். பிற திசைகளிலிருந்து வருவனவற்றை ஒதுக்கும்.

மலைப்பகுதிக்கே உரிய மற்றோர் இடர் இரட்டைப் படம். நேராக வந்த அலையோடு எதிர்மலையில் மோதித் திரும்பிய அலையும் சேரும்போது படத்தின் வலப்புறத்தில் மங்கலான மறுபடிவம் தோன்றும். எதிரொளித்த அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருப்பின் அது ஒரு மைக்ரோவினாடி தாழ்ந்து வரும். திரையில் ஒரு வரி வரையப்படும் காலம் 52 மைக்ரோவினாடி. எனவே அரைமீட்டர் அகலத் திரையில் மறுபடிவம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலகித் தெரியும். உயரத்தைக் கூட்டுவதால் இக்குறை நீங்காது. ஆன்டெனாவைச் சற்றே திருப்பி எதிரொளியை ஒதுக்குவதே வழி. ஒருவர் கூரைமேல் நின்று கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து படம் தெரிகிறதா இல்லையா எனக் குரல்கொடுக்கும் வழக்கம் இந்நுட்பத்தின் நடைமுறை வடிவமேயாகும்.

பூஸ்டர் எனப்படும் பெருக்கியைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். அது வந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நீண்ட கம்பிவடம் அலையை உறிஞ்சிய பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே அதனைப் பொருத்துவதால் பயன் குறைவு. கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டிப் பொருத்துவதே பயன்தரும். நூலறிவின்றிப் பட்டறிவால் இவற்றையெல்லாம் உணர்ந்த பழுதுநீக்குநர்கள் அந்நாளில் சிற்றூர்தோறும் இருந்தனர்.

வானிலிருந்து இறங்கிய அலை

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் செயற்கைக்கோள் வழியே தமிழ் ஒளிபரப்பு பெருகியது. பெருந்தட்டால் அலையை வாங்கிக் கம்பிவடத்தில் வீடுகளுக்கு வழங்கும் முறை மலையூர்க் கடைத்தெருக்களையும் எட்டியது. 2004 டிசம்பர் 16இல் தொடங்கப்பெற்ற டிடி டைரக்ட் பிளஸ், கட்டணமற்ற நேரடி வீட்டுச் சேவையாக அமைந்தது. இதுவே பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் எனப் பெயர்பெற்றது.

மலைநிழலை உண்மையில் வென்றது இச்சிறு தட்டே. அதற்குரிய காரணம் வடிவியல் சார்ந்தது. இச்சேவையின் செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிலநடுக்கோட்டின் மேல் நிலைகொண்டுள்ளது. சின்னக்கானலிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கு வானில், தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் அமைகிறது. அவ்வளவு செங்குத்தாக இறங்கும் அலையைப் பக்கத்து மலையும் மறைப்பது அரிது. கொடைக்கானலை நோக்கிய ஆன்டெனா முகட்டோடு போராடியது. தட்டோ முகட்டிற்கு மேலே நோக்கியது. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டரே ஆதலின் பெருமழையில் அது தேய்ந்துபோகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் படம் உறைந்து நிற்பது இதனால் விளைவது. வீட்டைச் சூழ்ந்த மரக்கிளைகளும் இவ்வலைக்குத் தடையே.

தட்டு பரவியபின் தரைவழி ஒளிபரப்பு தன் இன்றியமையாமையை இழந்தது. 2022 மார்ச் 31க்குள் எல்லைப்புறம் முதலிய முதன்மை வாய்ந்த 50 இடங்கள் நீங்கலாகப் பழைய ஒப்புமைமுறை ஒளிபரப்பிகளை நிறுத்துவதாகப் பிரசார் பாரதி 2021இல் அறிவித்தது. கூரைக் கம்பங்களின் காலம் அத்துடன் முடிவெய்தியது. இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. பெருவழக்கான தமிழ் அலைவரிசைகள் பல கட்டண அலைவரிசைகள். கட்டணமற்ற தட்டில் கிடைக்கும் தமிழ் மிகக் குறைவு. அரசின் தமிழ் அலைவரிசை நெடுங்காலம் 'பொதிகை' என்னும் பெயர் தாங்கி, 2024 சனவரியில் 'டிடி தமிழ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பொதிகையும் தமிழக-கேரள எல்லையில் நிற்கும் மலையே என்பது எண்ணத்தக்கது.

திருப்பியனுப்பும் அலை

கைபேசியும் இணையமும் வந்தபின் அலைவரவின் இயல்பு அடிப்படையிலேயே மாறியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்புவோர் ஒருவர், வாங்குவோர் பலர். கைபேசியில் ஒவ்வொரு வாங்கியும் ஒரு சிறு ஒலிபரப்பியாகும். கொடைக்கானல் ஒளிபரப்பியின் திறன் 10,000 வாட். நான்காம் தலைமுறைக் கைபேசியின் திறன் 0.2 வாட். முன்னது பின்னதினும் 50,000 மடங்கு பெரிது. எனவே 40 கிலோமீட்டர் அப்பாலிருந்து தொலைக்காட்சியை வாங்கிய வீடு, அத்தொலைவிற்குத் தன் மறுமொழியை அனுப்ப இயலாது. கோபுரத்தின் குரல் கைபேசிக்குக் கேட்டும் கைபேசியின் குரல் கோபுரத்திற்குக் கேளாத நிலையும் மலையோரங்களில் உண்டு. திரையில் அலைக்கோடுகள் தெரிந்தும் அழைப்பு செல்லாமை இதனால் நேர்வது. அன்றியும் 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பழைய தொலைக்காட்சி அலையைப் போல முகட்டில் வளைந்து இறங்குவதில்லை. அதிர்வெண் உயர உயர நிழல் ஆழமாகிறது.

இரண்டாவது மாற்றம் ஆட்சி சார்ந்தது. தொலைக்காட்சி அலை எல்லையைக் கேளாமல் கடந்தது. கைபேசிச் சேவையோ 1990களின் நடுவிலிருந்து பெரும்பாலும் மாநில எல்லையை ஒட்டிய தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து உரிமம் வழங்கப்பெற்றது. எல்லைமேட்டில் நிற்பவரின் கைபேசி வலுவான அலையைத் தேடி அண்டை வட்டத்தின் கோபுரத்தைப் பற்றினால் அலைவுக்கட்டணம் விழுந்தது. நிலத்தில் 1956இல் வரையப்பட்ட கோடு இவ்வாறு வானிலும் வரையப்பட்டது. பி.எஸ்.என்.எல். 2015 சூன் 15 முதல் உள்வரும் அழைப்புகளுக்கான அலைவுக்கட்டணத்தை நீக்கியது. 2016க்குப் பின்னர்ப் பிற நிறுவனங்களும் அதனைக் கைவிட்டன.

இவ்வெல்லையின் சுவடு மொழிவழக்கிலும் காணப்படுகிறது. அலை கிடைக்கவில்லை என்பதைத் தமிழகத்தார் 'டவர் இல்லை', 'சிக்னல் இல்லை' என்பர். மலையாள வழக்கில் 'ரேஞ்ச் இல்ல' என்பதே பெருவழக்கு. முன்னது அலையைத் தரும் பொருளைச் சுட்டுகிறது. பின்னது அது எட்டும் எல்லையைச் சுட்டுகிறது. மலைவாழ்நர்க்கு இவ்விரண்டும் வேறுவேறு குறைகள் என்பது மேற்கூறியவற்றால் விளங்கும்.

தேனிச் சமவெளியின் எடுத்துக்காட்டு

திருப்பியனுப்பும் அலையையும் உள்ளூர் முயற்சியால் அமைக்க முடியுமா என்னும் வினாவிற்குப் போடிமெட்டின் அடிவாரத்திலேயே விடை உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு முறை, 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் இணைய மையங்களை ஏற்படுத்தப் பயன்பட்டது. 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு இசைவளித்தது. வீட்டு வை-ஃபை பரவுவதற்கு இவ்வாணையே வழிவகுத்தது.

அதே காலத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆய்வுக் குழுவும் இணைந்து, மருத்துவமனையைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் விழிநல மையங்களோடு நெடுந்தொலைவு வை-ஃபை வழியாக இணைத்தன. சிற்றூர் மையத்திலுள்ள நோயாளி தேனியிலுள்ள மருத்துவரோடு காணொளியில் பேச இது வழிசெய்தது. வீட்டில் சில அறைகளைக் கடக்கவே வடிவமைக்கப்பட்ட கருவி, கூர்திசை ஆன்டெனாக்களைக் கோபுரத்தில் எதிரெதிரே நிறுத்தியதால் பல கிலோமீட்டர் கடந்தது.

இம்முயற்சி வெளிப்படுத்திய இரு உண்மைகள் வரலாற்று நோக்கில் இன்றியமையாதன. முதலாவது, அலை சென்றடைவது மட்டும் போதாது என்பது. வை-ஃபை கருவி ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகையை எதிர்நோக்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோவினாடி ஆகிறது. குறுந்தொலைவிற்கென வகுத்த காத்திருப்புக் காலம் அதற்குள் முடிந்துவிட, கருவி செய்தி தொலைந்ததெனக் கருதி மீண்டும் அனுப்பும். இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு விதியை மாற்றியமைத்த பெர்க்கிலிக் குழுவினர், இணைப்பின் பயன்வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்ததை 2007இல் வெளியிட்டனர். இரண்டாவது, 2008இல் அவர்கள் வெளியிட்ட பட்டறிவுத் தொகுப்பு காட்டுவது. சிற்றூர் வலைகளின் பழுதுகளுக்கு அலையினும் மின்சாரத்தின் தரக்குறைவே பெருங்காரணமாக அமைந்தது.

வீட்டளவிலும் இப்பாடங்கள் பொருந்தும். லயத்தின் உள்ளறையில் வைக்கப்பட்ட இணையக் கருவி சுவரோடும் தகரத்தோடும் போராடும். கோபுரத்தை நோக்கிய ஆன்டெனாவைக் கூரைக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்து கம்பிவடத்தால் உள்ளே கொணர்ந்து, வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வை-ஃபையாகப் பகிர்தலே ஏற்ற முறை. முற்காலத்துத் தொலைக்காட்சி ஆன்டெனாவின் இலக்கணமும் இதுவே: உயரம், திசை, குறுகிய வடம். ஆயினும் நோக்குவதற்கு ஒரு கோபுரம் வேண்டும். அது இயங்குவதற்கு மின்சாரம் வேண்டும்.

இறுதிக் கிலோமீட்டர்

2015 சனவரியில் தேசிய ஒளியிழை வலையமைப்பால் முழுமையாக இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டம் என இடுக்கி அறிவிக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகங்கள் வரை ஒளியிழை சென்றது. ஆனால் அலுவலகத்திற்கும் தோட்டத்து லயத்திற்கும் இடைப்பட்ட மலைச்சரிவு அவ்வறிவிப்பின் கணக்கில் அடங்கவில்லை.

அவ்விடைவெளி எத்தகையது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 சூன் 1 முதல் கேரளப் பள்ளிப் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. தமிழ்வழி மாணவர்க்கான பாடங்கள் தனியே உருவாக்கப்பட்டு இணையவழி வழங்கப்பெற்றன. பெரும்பான்மை மொழிக்குத் தொலைக்காட்சியும் சிறுபான்மை மொழிக்கு இணையமும் முதன்மை வழிகளாக அமைந்தபோது, இணையம் எட்டாத தோட்டப்பகுதிக் குழந்தைகளே பெரிதும் இடருற்றனர். இராஜமலைத் தோட்டத்து மாணவர்கள் இரவிகுளம் தேசியப் பூங்காப் பகுதியில் அலை கிடைக்கும் சாலையோரத்தைத் தேடிச்சென்று மழையில் அமர்ந்து படித்தமை அந்நாளைய நாளிதழ்களில் செய்தியாயிற்று.

இதனினும் கொடியது பெட்டிமுடி நிகழ்வு. சின்னக்கானலுக்கு வடமேற்கே, அதே உயர்மலைத் தொகுதியில் அமைந்த நயமக்காடு தோட்டத்தின் பெட்டிமுடிக் குடியிருப்பின்மீது 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்தது. உயிரிழந்தோராகக் கணக்கிடப்பட்டவர் 70 பேர். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெருமழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்திருந்தமையால் செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகை அடைந்தது. பாலம் உடைந்தும் வழி அடைபட்டும் இருந்தமையால் மீட்புப் பணியும் தாமதமாயிற்று. அலைவரவு பொழுதுபோக்கின் வசதியன்று, உயிர்காக்கும் தேவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அதன்பின் எடுக்கப்பட்ட முயற்சிகள் பல. கைபேசிச் சேவையற்ற 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை வழங்கும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2022 சூலை 27இல் ஒப்புதல் அளித்தது. மின்கம்பங்கள் வழியே ஒளியிழையைக் கொண்டுசெல்லும் கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 சூன் 5இல் தொடங்கப்பெற்றது. தாழ்வட்டச் செயற்கைக்கோள் வழி இணையம் வழங்க ஸ்டார்லிங்க் நிறுவனத்திற்கு 2025 சூனில் இந்தியாவில் உரிமம் வழங்கப்பட்டது. தொலைக்காட்சித் தட்டு வானிலிருந்து மலைநிழலை வென்றது போல இணையமும் வெல்லக்கூடும். ஆயின் அதன் விலை தோட்டக்கூலிக்கு எட்டுமா என்பதே அங்கு எழும் வினா.

முடிவுரை

சின்னக்கானல் பகுதியின் அலைவரவு வரலாற்றை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். வானொலியின் நீண்ட அலை மலையையும் எல்லையையும் ஒருங்கே கடந்தது. தொலைக்காட்சி அலையை மலை தடுத்தது, எல்லை தடுக்கவில்லை, மக்கள் உயரத்தாலும் திசையாலும் பின்னர்த் தட்டாலும் அத்தடையைக் கடந்தனர். கைபேசியும் இணையமும் வந்தபோது மலையோடு எல்லைக்கோடும் உரிமமும் மின்சாரமும் தடைகளாகச் சேர்ந்தன.

முதலிரு நிலைகளில் குறையைத் தீர்க்கும் ஆற்றல் வாங்குவோரிடம் இருந்தது; மூன்றாம் நிலையில் அது வழங்குவோரிடம் சென்றுவிட்டது. கூரைக் கம்பத்தைத் திருப்பித் தாய்மொழியைத் தேடிக்கொண்ட மக்கள், இன்று எவ்வளவு உயரத்தில் நின்றாலும் தம் குரலைக் கேட்க ஒரு கோபுரம் இல்லையெனில் செய்வதற்கு ஏதுமிலர். தேனிச் சமவெளியின் எடுத்துக்காட்டு, உரிமமற்ற அலைப்பட்டையும் உள்ளூர்ப் பயிற்சியும் நிலையான மின்சாரமும் ஒன்றுகூடின் அவ்வாற்றலில் ஒரு பகுதியை மீட்கலாம் எனக் காட்டுகிறது. தோட்டப்பகுதிகளில் அலைவரவை அளக்கும்போது ஊராட்சி அலுவலகம் இணைக்கப்பட்டதா என்பதைக் காட்டிலும், மழைநாளில் மின்சாரம் நின்ற இரவில் பள்ளத்து லயத்திலிருந்து ஓர் அழைப்பு வெளியே செல்லுமா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.